புத்தகத் திருவிழாவுக்குப் போகும் முன் எந்த நூலில் தொடங்கலாம்?

புத்தகத் திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆனதும், மேடையில் பேசியவர்களின் பெரிய நாவல்கள் ஒவ்வொன்றாக எங்கள் நூலகத்துக்குத் திரும்பி வரும். பேச்சைக் கேட்ட சூட்டோடு வந்து இரவல் வாங்கிப் போனவை. பலவற்றில் படித்த இடத்துக்கு அடையாளம் வைத்திருப்பார்கள்: பஸ் டிக்கெட், காலி மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகையின் கிழிந்த ஓரம். பெரும்பாலும் அது நாற்பது பக்கத்தைத் தாண்டியிருக்காது. "நல்லாத்தான் சார் இருக்கு, நேரந்தான் இல்லை" என்பார்கள். தொடங்கிய புத்தகம் சரியில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஆள் சரி, புத்தகம் தப்பு.

அட்டையில் விருது முத்திரை இருக்கும் நூலைத்தான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். எழுத்தாளர் முப்பது, நாற்பது வருடம் எழுதி முடித்தபின் வந்த கனத்த நூலுக்கு விருது கிடைத்திருக்கும். அதிலேயே தொடங்கினால் திணறத்தான் செய்யும். இப்போது தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. எங்கள் பக்கம் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா; தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் தனித்தனியாக உண்டு. அழைப்பிதழ் கைக்கு வந்ததும், எந்த மாலையில் யார் பேசுகிறார் என்று பார்த்து, அவருடைய சின்னப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டுப் போனால் அந்தப் பேச்சே வேறு மாதிரி கேட்கும். இந்த மண்ணின் எழுத்தாளர்கள் சிலர் அழைப்பிதழில் இருந்தால் எதில் தொடங்கச் சொல்வேன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

பூமணி பெயரைப் பார்த்தால் எல்லோரும் 'அஞ்ஞாடி' கேட்பார்கள். 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். (கீழே வெறுமனே விருது என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.) ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆண்டி, மாரி என்ற இரண்டு பேரின் சிநேகத்தில் தொடங்கி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் என்று கரிசல் காட்டின் நூறு வருஷச் சண்டை சச்சரவுகளுக்குள் போகும். பேச்சுமொழி முழுக்கக் கரிசல் வட்டாரத்துடையது. சென்னையில் வளர்ந்த பிள்ளைகளை விடுங்கள், பாளையங்கோட்டைக்காரர்களே முதல் ஐம்பது பக்கத்தில் தடுமாறுகிறார்கள். அதனால் 'வெக்கை'யில் தொடங்குங்கள். 1982இல் வந்த சிறிய நாவல். பதினைந்து வயது சிதம்பரம் ஒரு கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டிலும் ஓடையிலும் ஒளிந்து திரிகிறான். அந்த ஓட்டத்துக்கு நடுவில் இருவரும் எதையாவது ஆக்கித் தின்பதும், ராத்திரியில் படுத்துக்கொண்டு பேசுவதுமாகக் கதை போகும். இந்த நாவலை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்தவர்கள் "கதை தெரியும் சார்" என்று நூலைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். படத்தில் அப்பாவின் பழங்கதை பெரிதாக வளர்ந்துவிட்டது. நாவல் பையனின் கண்ணை விட்டு அதிகம் நகராது. இரண்டும் இரண்டு அனுபவம். 'வெக்கை' முடித்தபின் 'பிறகு', அதற்குப் பின் 'அஞ்ஞாடி' என்று போனால், அந்தப் பேச்சுமொழி அதற்குள் காதில் ஏறியிருக்கும். அப்போது ஆயிரம் பக்கம் பெரிதாகத் தெரியாது.

சோ. தர்மன் விஷயத்தில் என் விதி செல்லாது. விருது வாங்கிய 'சூல்' நாவலிலேயே தொடங்கலாம். அவருடைய ஊரான உருளைக்குடியின் கண்மாய்தான் அதில் கதாநாயகன். ஊர் கூடி கண்மாயில் கரம்பை (படிந்த வண்டல் மண்) அள்ளுவது, மடையைத் திறப்பது, அடைப்பது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பு, கரையில் நிற்கும் மரங்கள், இவற்றைச் சுற்றியிருக்கும் சாமி கதைகள் என்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்வது மாதிரி போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படித்து மூடிவைத்தாலும் மறுநாள் தொடரலாம், அறுந்துபோகாது. விவசாயக் குடும்பத்து ஆட்கள், நாவல் பழக்கமே இல்லாதவர்கள்கூட இதை முழுசாகப் படித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். பொதுப்பணித்துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நானாகவே எடுத்துக் கொடுப்பதுண்டு.

வண்ணதாசனைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். கவிதை அடுக்கில் அவர் கல்யாண்ஜி. சிறுகதை அடுக்கில்தான் வண்ணதாசன். இரண்டும் ஒருவர்தான் என்று தெரியாமல், "கல்யாண்ஜி புத்தகம் வேண்டாம், வண்ணதாசன்தான் வேண்டும்" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 2016இல் விருது பெற்ற 'ஒரு சிறு இசை' நல்ல தொகுப்புதான். ஆனால் ஒரே ஒரு கதை படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் 'நிலை'யைப் படியுங்கள். வீட்டுவேலை செய்கிற ஒரு சின்னப்பெண்ணுக்குத் தேர் பார்க்க ஆசை. ஊரெல்லாம் போகிறது, அவளுக்கு வேலை முடியவில்லை. அவள் போகும்போது தேர் நிலைக்கு, அதாவது வழக்கமாக நிற்கும் இடத்துக்கு, வந்து நின்றுவிட்டது. கதை இவ்வளவுதான். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதியில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கதை பிடித்தால் அடுத்து அவருடைய கடிதங்களின் தொகுப்பான 'எல்லோர்க்கும் அன்புடன்' எடுக்கலாம். கவிஞர் கலாப்ரியாவுக்கும் இப்படி ஒரு பக்கவழி இருக்கிறது. கவிதை என்றாலே ஒதுங்குகிறவர்கள் அவருடைய 'நினைவின் தாழ்வாரங்கள்' உரைநடையில் நுழைந்துவிட்டுக் கவிதைக்கு வரலாம்.

ஜோ டி குரூஸ் என்றால் 'ஆழிசூழ் உலகு'. தூத்துக்குடியை வைத்து எழுதிய 'கொற்கை' இன்னும் பெரிது. அதற்குத்தான் 2013 விருது. முதல் நாவலின் கடற்கரையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அப்புறம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வாருங்கள்.

கதையே வேண்டாம், வரலாறு வேண்டும் என்கிறவர்கள் இப்போது கேட்பது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபின் இதற்கு முன்பதிவு செய்துதான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வ.உ.சி. கைதானதை ஒட்டி 1908 மார்ச் 13ஆம் தேதி திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஜனங்கள் கொதித்தெழுந்ததைப் பற்றிய ஆய்வு நூல். நம் ஊர் வீதியில் நடந்த சம்பவம், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆய்வு நூல் படித்துப் பழக்கமில்லை என்றால் இவருடைய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரைகளை முதலில் எடுங்கள். தமிழ்நாட்டில் காப்பி எப்படி வந்தது, யார் குடித்தார்கள், யார் திட்டினார்கள் என்று சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆதாரம் தேடும் முறையும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யை வீட்டில் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுங்கள். கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023இல் பால சாகித்திய புரஸ்கார் (சிறார் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருது) பெற்றது. எழுதியவர் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தவர் என்று சொன்னால் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தயாராகிவிடுவார்கள். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தால், பெரியவர்கள் மைக் கிடைத்ததும் ஐந்து நிமிடம் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, "இது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடிப்பார்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகள் "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று நேரே கேட்கும். எழுத்தாளர் முகம் மலர்வது அப்போதுதான்.

அரங்கில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒரே எழுத்தாளரின் நூல்கள் ஒரே கடையில் இருக்காது. 'அஞ்ஞாடி' க்ரியா, 'வெக்கை' காலச்சுவடு, 'சூல்' அடையாளம், 'ஒரு சிறு இசை' சந்தியா என்று வெவ்வேறு பதிப்பகங்களில் வந்தவை இவை. எழுத்தாளர் பெயரை மட்டும் சொல்லித் தேடினால் முதல் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் கையில் கொடுப்பார். நூலின் பெயரையும் பதிப்பகத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடி எல்லாக் கடையிலும் இருக்கும், அதற்காக அலைய வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு நூலைப் படித்துப் பார்க்க விரும்பினால் திருவிழாவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே நூலகத்துக்கு வந்துவிடுங்கள். வீட்டுவரி கட்டுகிற எல்லோரும் அதோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தில் வாங்கியவைதான் இவை. 'வெக்கை' அடுக்கில் இல்லையென்றால் இரவலில் போயிருக்கிறது என்று அர்த்தம். பெயரை எழுதிவைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் சொல்லி அனுப்புகிறோம். அதுவரை 'பிறகு' எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு யாரும் வருவதில்லை, அடுக்கிலேயேதான் இருக்கிறது.