எங்கட கிணறு

‘பாடசாலையும் பார்த்து எழுதவும் எப்படி நேரம் கிடைக்கிறது?’ என்று இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு வந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. கிடைப்பதில்லை என்பதுதான் நேர்மையான பதில். எனக்கு இந்தத் தவணை நான்கு வகுப்புகளுக்குத் தமிழ். வகுப்புக்கு 38 பேர் என்றால் 152 கட்டுரைக் கொப்பிகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலே 25 மணித்தியாலம் போய்விடும். பாடக்குறிப்பும் தவணைப் பரீட்சை வினாத்தாளும் அதற்கு மேலே.

யாழ்ப்பாணத்தில் வாத்தியார்கள் எழுதுவது புதிதல்ல. நாவலியூர் சோமசுந்தரப் புலவர் வட்டுக்கோட்டையில் படிப்பித்தவர். எழுத்தாளர் தெணியான் வடமராட்சியில் படிப்பித்தவர். ‘அவையள் எழுதேல்லையே?’ என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போகும்.

எழுதுகிற ரீச்சர் ஒருத்தி ஊரில் இருப்பது ஊருக்கும் வசதி. யாராவது மோசம் போனால் ஒரு கிழமைக்குள் படலையில் ஆள் வந்து நிற்கும். ‘ரீச்சர், முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கவேணும். அப்புவைப் பற்றி நாலு பாட்டு எழுதித் தாங்கோ.’ இதை நான் மறுப்பதில்லை. துயரத்தோடு வந்து நிற்பவரிடம் ‘நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று எப்படிச் சொல்வது? தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளையின் பேச்சை எழுதித் தரும்படி கேட்டால் மட்டும் மாட்டேன் என்பேன். பேசப்போவது பிள்ளை. நான் எழுதிக் கொடுத்தால் பரிசு எனக்குத்தான் கிடைக்கும்.

ஓகஸ்ட் விடுமுறையில்தான் என் எழுத்து நகரும். நல்லூர்த் திருவிழா 25 நாள். பெரும்பாலும் அந்த விடுமுறையை ஒட்டியே வரும். பின்னேரம் வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டால் வீடு எனக்குத்தான். முருகன் புண்ணியத்தில் முதல் தொகுப்பின் பாதிக் கதைகள் அப்படி எழுதியவை.

சரி, நேரத்தை எப்படியோ சமாளிக்கலாம். நான் சறுக்கியது வேறு இடத்தில்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் தரத்துக்கு ‘எமது வீடு’ என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பிள்ளையின் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்ட பிறகு தாயோடு முதன்முதலாகப் பார்க்கப் போன நாளை அவள் எழுதியிருந்தாள். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. தாய் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதிருக்கிறாள். அந்தக் கொப்பியை அன்றிரவு மூன்று தரம் வாசித்தேன். அடுத்த மாதம் அது என் கதையாக ஒரு ஞாயிறு இதழில் வந்தது. பெயரை மாற்றினேன், ஊரைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோனேன், தாயை அம்மம்மா ஆக்கினேன். அது போதும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அவள் வந்தாள். கோபமாகக்கூட இல்லை.

‘ரீச்சர், அது எங்கட கிணறுதானே?’

என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அவளுடைய அடுத்த கட்டுரைதான். கடையில் விற்கிற மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி பார்த்து எழுதியிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. அந்தத் தவணை முழுக்க அப்படித்தான். பிள்ளை தன் மனதை எழுதுவது புள்ளி போடுகிறவரை நம்பித்தான், அச்சில் பார்ப்பதற்காக இல்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. அவர் வாழும் காலமும் அதன்பின் 70 வருடமும் அது பாதுகாக்கப்படும். பதிவு எதுவும் தேவையில்லை. பத்தாம் தரப் பிள்ளையின் கொப்பியில் உள்ள வசனத்துக்கும் இதே பாதுகாப்புத்தான். கருத்துக்கு உரிமை கோர முடியாது, எழுதிய வடிவத்துக்கே உரிமை என்றும் சட்டம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணம் சின்ன இடம். ஊர்ப்பெயரை மாற்றினாலும் கிணற்றை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாடசாலை நிர்வாகம், இடமாற்றம் போன்றவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நினைப்பவர்கள் தாபன விதிக்கோவையையும் ஒருமுறை படியுங்கள். அரச ஊழியர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது பற்றி அதில் விதிகள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அதிபரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, புத்தக வெளியீடு. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பிறகு வரிசையாக வந்து என்வெலப்பைத் தந்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் போவார்கள். முதல் வெளியீட்டுக்கு வகுப்புப் பிள்ளைகளிடம் அழைப்பிதழ் கொடுத்தனுப்பினேன். பெற்றோர் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு தகப்பன் கழுவி மடித்த சேட்டோடு வந்து ஆயிரம் ரூபா வைத்துத் தந்தார். என் கதைகளை அவர் வாசிக்கப்போவதில்லை. மகளின் ரீச்சர் அழைத்தால் வராமல் இருக்க முடியாது என்று வந்தவர். அந்த என்வெலப்பைத் திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை, கொடுத்தால் அவமானப்படுவார். இரண்டாவது தொகுப்புக்கு 300 பிரதி அடித்தேன். படிப்பிக்கும் வகுப்பில் ஒருவருக்கும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை. 80 பிரதி இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, இருக்கட்டும். வகுப்பில் என் கதையை வாசிக்கச் சொல்வதும் இல்லை. புள்ளி போடுகிற கை என்னுடையது, ‘பிடிக்கவில்லை’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

அந்தக் கிணற்றுக் கதையைத் தொகுப்பில் சேர்ப்பதா விடுவதா என்று நெடுநாள் யோசித்தேன். கடைசியில் தட்டச்சுப் பிரதியோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அப்போது உயர்தரம் முடித்துவிட்டிருந்தாள். தேத்தண்ணி தந்தாள். விறாந்தையில் இருந்து முழுவதையும் வாசித்தாள். தாய் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கிணறு இருக்கட்டும் ரீச்சர்,’ என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘அழுததை மட்டும் எடுத்துவிடுங்கோ.’

தொகுப்பில் அந்த அம்மம்மா அழுவதில்லை. வாளியை இறக்கி எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்க்கிறார்.