ஈரம் இழுக்கும் கரிமத் துகள்கள்

காற்றில் ஈரம் ஏற ஏற, உலர்ந்த உப்புத் துகள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற அளவு) ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தொட்டதும் படிகம் சட்டென்று கரைந்து துளியாகிவிடும். காற்றில் மிதக்கும் கரிமத் துகள்களில், அதாவது கார்பன் சேர்மங்களால் ஆன நுண்துகள்களில், பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு கணம் கிடையாது. ஈரப்பதம் கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை வாங்கிக்கொண்டே போகும்.

கரிமத் துகள் ஒரே பொருளால் ஆனதல்ல என்பதே காரணம். மரங்கள் வெளியிடும் பைனீன் போன்ற ஆவிகளும் வண்டிப் புகையிலிருந்து வரும் ஆவிகளும் ஓசோனோடும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (OH) என்ற வேகமாக வினைபுரியும் மூலக்கூறோடும் வினைபுரிந்து, எளிதில் ஆவியாகாத பொருள்களாக மாறித் துகளில் ஒதுங்குகின்றன. ஒரே துகளுக்குள் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருக்கலாம். இப்படிக் கலந்து கிடக்கும்போது எந்தச் சேர்மமும் வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகமாவது கடினம். படிகமே இல்லாதபோது, அது திடீரென்று கரையும் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

எவ்வளவு நீரை இழுக்கும் என்பதைப் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் உள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலி நீரைக் கண்டுகொள்ளாது. அதனால் புதுப் புகைத்துகளைவிட, காற்றில் பல நாள் அலைந்து ஆக்சிஜன் சேர்ந்த துகளுக்குத் தாகம் அதிகம்.

இந்தத் தாகத்தை ஒரே எண்ணில் சொல்ல 2007இல் பெட்டர்ஸ், கிரைடன்வைஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 'கப்பா' என்ற அளவை முன்வைத்தார்கள். கரிமத் துகள்களுக்கு அது சுமார் 0.1; கடல் உப்புக்கு 1க்கும் மேல். 90 விழுக்காடு ஈரப்பதத்தில் 100 நானோமீட்டர் கரிமத் துகள் 124 நானோமீட்டர் அளவுக்குத்தான் ஊதும். அற்பமாகத் தோன்றும், ஆனால் கன அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது! இன்னும் சிறிய துகள் என்றால் மேற்பரப்பின் வளைவு அதிகம். அதிலிருந்து நீர் எளிதில் ஆவியாவதால் வளர்ச்சியும் குறையும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கண்ணாடிக் கதை. பின்லாந்தின் ஊசியிலைக் காட்டில் உருவான துகள்கள் உலோகத் தட்டில் மோதி ஒட்டாமல் துள்ளின என்று 2010இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். துளி என்று நினைத்திருந்தவை கண்ணாடிபோல் இறுகிய திடப்பொருள்! அப்படி இறுகிய துகளுக்குள், குளிரும் வறட்சியும் சேர்ந்தால், நீர் நுழைவதே மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் உள்ளே போன கொஞ்ச நீரும் துகளை இளக்கும். இளகினால் அடுத்த நீர் இன்னும் வேகமாகப் போகும். ஈரப்பதத்தை நன்றாகக் கூட்டிவிட்டு மறுபடி தட்டில் மோதவிட்டால் துள்ளல் அடங்கி, துகள் ஒட்டிக்கொள்ளும்.