11 வயதில் எதற்கு இந்த ஊசி?

எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி என்றதுமே பெரும்பாலான அம்மாக்கள் கேட்பது இதுதான்: "இவ இன்னும் சின்னப் பொண்ணு டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கலாமே?" கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். பாலுறவு வழியாகப் பரவும் கிருமி என்று எங்கோ படித்திருப்பார்கள். அதை மகளோடு சேர்த்து நினைக்கவே கூச்சம். கூச்சம் புரிகிறது. ஆனால் சின்னப் பெண்ணாக இருப்பதுதான் இந்த ஊசியை இப்போதே போடுவதற்குக் காரணம்.

ஏற்கெனவே தொற்றிய வைரஸை இது விரட்டாது. இனி தொற்றாமல் தடுக்கும், அவ்வளவுதான். தவிர, இளம் பருவத்தில் போட்டால் உடல் பெரியவர்களைவிட அதிகமாக எதிர்ப்புப் பொருளை உருவாக்குகிறது. அதனால்தான் 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. 21 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு எந்த வயதிலும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

வளரிளம் பருவத்துக்கு மட்டும் என்ன தனி ஆபத்து? கர்ப்பப்பை வாயின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. வெளிப்புறம் பல அடுக்கு. பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் உட்புறம் கொஞ்சம் வெளியே வந்து தெரியும். யோனியின் அமிலத்தன்மை பட்டு அந்த மென்மையான அடுக்கு மெல்ல மெல்ல பல அடுக்காக மாறும். இப்படி மாறிக்கொண்டிருக்கும் வளையத்தில்தான் எச்.பி.வி. சுலபமாக நுழைகிறது. பிற்காலத்தில் புற்றுநோய் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இளம்பெண்களைக் கருவி வைத்துப் பரிசோதிக்கும்போது இந்த இடம் வெல்வெட் துணி மாதிரி சிவப்பாகத் தெரியும். தொட்டால் லேசாக ரத்தம்கூடக் கசியும். "கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்காம், சுட்டுவிடணுமாம்" என்று அழாத குறையாக வருபவர்கள் உண்டு. இந்த வயதில் அது பெரும்பாலும் புண்ணே அல்ல, இயல்பான வளர்ச்சிதான். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். பாலுறவு தொடங்கிய பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றும். ஒரே துணையோடு வாழ்பவர்களுக்கும்தான். ஆகவே இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட முடியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடும் தொற்றுதான் பிரச்சினை. வைரஸின் இ6, இ7 புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் புரதங்களை முடக்கிவிடுகின்றன. அப்படியும் புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

"அப்போ பொண்ணுக்கு ஒரு எச்.பி.வி. டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். டீன் ஏஜில் எடுத்தால் தானாகப் போகவிருக்கும் தொற்றுதான் அதில் சிக்கும். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் வீடே கலங்கிவிடும். பயத்தில் கர்ப்பப்பை வாயிலிருந்து சதையை வெட்டி எடுத்தால், பின்னாளில் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடும். ஊசிக்கு முன்பும் இந்த டெஸ்ட் தேவையில்லை.

ஊசி போட்டால் குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற வதந்திக்கு ஆதாரம் கிடையாது. ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. உள்ளே மரபணு இல்லை, அதனால் தொற்றை உண்டாக்க முடியாது. பக்கவிளைவு குறித்த அச்சத்தால் ஜப்பான் 2013-ல் இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 2022-ல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் ஒரு தலைமுறைப் பெண்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காமலே போனது. ஸ்காட்லாந்திலோ, 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நான் பார்த்த வரையில் ஊசியைவிட ஊசி பயம்தான் பெரிது. இந்த வயதில் சிலர் மயங்கி விழுவார்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, உட்காரவைத்துப் போட்டு, கால்மணி நேரம் கழித்தே அனுப்புவேன். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பெண்ணிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை, "பின்னாடி ஒரு கேன்சர் வராம இருக்க இந்த ஊசி" என்றால் போதும். அதற்கு மேல் அவளே கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பாலுறவு தொடங்கிவிட்ட பெண்ணுக்கும் ஊசியால் பயன் உண்டு. எல்லா வகையும் அவளுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆணுறை ஓரளவு காக்கும், முழுமையாக அல்ல. அது மூடாத தோல் வழியாகவும் பரவும். பையன்களுக்கும் போடலாம். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களுக்கும் இதே வைரஸ் காரணமாகிறது.

இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் எந்த வயதானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இளம்பெண்களுக்கு இவை பெரும்பாலும் வேறு காரணங்களால் வருபவை, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

மகளுக்கு ஊசி போட்டு முடித்ததும் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்கம்மா?" என்று கேட்பேன். "எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார்கள். தொந்தரவு எதுவும் தெரியாதபோது எடுப்பதுதான் இந்தப் பரிசோதனை. 30 வயதிலிருந்து எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கத் தொடங்கி, முடிவு நெகட்டிவ் என்றால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்தால் போதும். ஊசி போட்ட மகளும் அந்த வயது வந்ததும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. வசதி உள்ள இடங்களில் மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம், டாக்டர் முன் படுக்கக்கூட வேண்டியதில்லை.