மாம்பழம், வாளை மீன், கண்ணாடி: ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு உவமை

ஸ்கூல்ல உள்ளுறை உவமம்னா, அதாவது வெளிப்படையா சொல்லாம வர்ணனைக்குள்ள ஒளிச்சு வைக்கிற உவமைன்னா, என்னன்னு ரெண்டு மார்க் கேள்வி வரும், மனப்பாடம் பண்ணத எழுதிட்டு வந்துடுவோம். அது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்சது ரொம்ப வருஷம் கழிச்சு, குறுந்தொகை 8ஆம் பாட்டை நிதானமா பிரிச்சுப் பார்த்தப்போதான். ஆலங்குடி வங்கனார் பாடினது, மொத்தமே ஆறு வரி.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

பேசுறது தலைவனோட மனைவி இல்ல, அவன் போய்ப் பழகுற இன்னொரு பொண்ணு. மனைவி தன்னைத் திட்டினான்னு கேள்விப்பட்டு, மனைவியோட ஆளுங்க காதுல விழுற மாதிரி இதச் சொல்றா.

முதல்ல அந்த மாம்பழம். வயல் பக்கத்து மாமரத்துல பழுத்து தானா உதிர்ற பழத்தை, குளத்துல இருக்கிற வாளை மீன் கவ்விக்குது, அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். மேலோட்டமா பார்த்தா வெறும் ஊர் வர்ணனை, 'போல'ன்னு ஒரு உருபு கூட கிடையாது. ஆனா மீன் மரம் ஏறல, பழத்தைக் கூப்பிடல, அது இருந்த இடத்துல இருந்துச்சு, பழம் தானா வந்து விழுந்துச்சு. அவன்தான் தேடி வந்தான், நான் இழுக்கலன்னு அவ வாயால சொல்லவே இல்ல, கேட்கிறவங்க மனசுல அது தானா வந்து நிக்குது.

இந்த வேலையெல்லாம் நடக்கிறது 'உகு', அதாவது உதிர்ங்கிற ஒரு சின்ன வினையிலதான். அதை எடுத்துட்டு, யாரோ கிளையை உலுக்கி பழம் விழுந்துச்சுன்னு மாத்திப் பாருங்க, அவ சொல்ல வந்த ஞாயமே போயிடும். உள்ளுறைல பொருளைத் தாங்குறது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வினைச்சொல்தான்னு எனக்குத் தோணுது, அதனால சங்கப்பாட்டுல மரம் மீன் பறவைன்னு வந்தா பேரை மட்டும் பார்க்காம அது என்ன செய்யுதுன்னு பாருங்க.

இவ்ளோ சுருக்கமா சொல்லியும் புரியறதுக்குக் காரணம் திணை. வயலும் குளமும் வந்தாலே மருதம், மருதம்னா ஊடல்னு அன்னைக்குக் கேட்டவங்களுக்குத் தெரியும், சண்டை எதைப் பத்தினு தனியா சொல்லத் தேவையில்ல. தொல்காப்பியம் இதுக்கு விதியே வெச்சிருக்கு, தெய்வத்தை விட்டுட்டு மத்த கருப்பொருள், அதாவது அந்த நிலத்துக்குரிய மரம் மீன் பறவை மாதிரியானதுதான் உள்ளுறைக்கு இடம்.

அடுத்து கண்ணாடி. எங்க வீட்ல பெரிய பேச்சு பேசுறான், அவன் வீட்ல, நாம கை தூக்கினா தானும் கை தூக்குற கண்ணாடிப் பிம்பம் மாதிரி மனைவி இஷ்டத்துக்கு ஆடுறான். இங்க 'போல' பளிச்சுனு இருக்கு, மறைவே இல்ல. ஓசையையும் கவனிங்க, 'தூக்கத் தூக்கும்'னு ஒரே சொல் ரெண்டு தடவை வருது, அசலும் நிழலும் மாதிரி. மேல் வரில 'எம்மில்' ஒரு ஓரத்துல, 'தம்மில்' மறு ஓரத்துல, ரெண்டு வீடும் எதிரெதிரா நிக்குது! வாய்விட்டுப் படிச்சாத்தான் இது பிடிபடும்.

ஒரே ஆள் ஒரே மூச்சுல எதுக்கு ரெண்டு விதமா பேசணும்? தன் மேல விழுந்த பழிக்கு 'நான் கூப்பிடல'ன்னு நேரா பதில் சொன்னா அது தற்காப்பா கேட்கும், நம்ப மாட்டாங்க, அதுவே கேட்கிறவங்க தானா கண்டுபிடிச்சா மறுக்க முடியாது. அதனால அங்க மறைச்சுட்டா. அவனைக் குத்தும்போது சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது, அதனால இங்க திறந்துட்டா. மறைக்கிறதா திறக்கிறதாங்கிற இந்த முடிவுலதான் கவிஞரோட திறமை முழுசா தெரியுதுன்னு நான் நினைக்கிறேன்.

கடைசியா ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த மனைவியை இவ 'மனைவி'ன்னு சொல்லவே இல்ல, 'தன் புதல்வன் தாய்'ங்கிறா. பொய் ஒண்ணும் இல்ல, மரியாதைக் குறைவான சொல்லும் இல்ல, ஆனா அவனுக்கு அவ இப்போ புள்ளையோட அம்மா மட்டும்தான்னு அர்த்தம் வந்துடுது. அந்தச் சொல்லை ஆறாவது வரியோட கடைசி வரைக்கும் கையில வெச்சிருந்து, வேற எதுவும் சொல்ல மிச்சமில்லாத இடத்துல போடுறா.