கலைத்துப் போட்டாலும் அதே விடை

தொண்டைப் புற்றுநோய் என்றால் சிகிச்சைக்கு முன் பெரும்பாலும் சிடி ஸ்கேன் உண்டு. கட்டி எவ்வளவு பெரிது, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டதா என்பதையெல்லாம் அதில் பார்க்கிறார்கள். அதே படத்தை வைத்து, இவருக்குச் சிகிச்சை பலிக்குமா, நோய் திரும்புமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ரேடியோமிக்ஸ் என்ற துறை அதைத்தான் முயல்கிறது.

நமக்குச் சாம்பல் நிறப் படமாகத் தெரிவது கணினிக்கு வெறும் எண்கள். உடலைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று ஓர் எண் போடுகிறார்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மருத்துவர் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுப்பார். அப்புறம் கணினியின் வேலை: கோட்டுக்குள் சராசரி என்ன, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒத்துப்போகின்றனவா, திட்டுத் திட்டாக இருக்கிறதா? அங்கங்கே செத்த திசுவோடு திட்டாக இருக்கும் கட்டி பொல்லாதது என்பது அனுமானம். (பல்லில் உலோகம் அடைத்திருந்தால் படம் முழுக்கக் கீற்றுக் கீற்றாகக் கோடு விழும். தொண்டைப் படத்தில் இது தீராத தலைவலி.)

2014இல் நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 1019 பேரின் சிடி படங்களில் 440 அளவுகளை எடுத்து ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் நான்கே அளவுகளைக் கொண்டு யார் நீண்ட நாள் வாழ்வார் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. துறையே துள்ளியது.

2019இல் வேறொரு குழு ஒரு குறும்பு செய்தது. கட்டிக்குள் இருந்த எண்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டது. திட்டுகள் போயே போச்சு, அந்த நான்கு அளவுகள் சொன்ன கணிப்பு மட்டும் அப்படியே நின்றது! காரணம், அந்த நான்கில் பெரும்பாலானவை கட்டியின் கன அளவைத்தான் வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தன. பெரிய கட்டி ஆபத்து என்பதைச் சொல்ல 440 அளவுகள் எதற்கு? என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக நல்ல பரிசோதனை இதுதான்.

படத்துக்கு வெளியேயும் வலுவான போட்டி உண்டு. வாய்க்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் வரும் புற்றில், எச்பிவி வைரஸால் வந்ததா என்ற ஒரே சோதனை நிறையச் சொல்லிவிடும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், வைரஸ் உள்ளவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1.

எளிய படம் ஒன்று ஏற்கெனவே உதவுகிறது. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்துவார்கள். புற்றுச் செல் அதை அள்ளி விழுங்கி ஒளிரும். கதிர்வீச்சுச் சிகிச்சையால் (பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’) வந்த புண்ணும் சர்க்கரையை இழுக்கும் என்பதால், அந்தச் சிகிச்சை முடிந்து 12 வாரம் பொறுக்க வேண்டும். கழுத்து முடிச்சுகளுக்குப் பரவிய 564 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கப்படி கழுத்தில் அறுவை, மறு பாதிக்குப் பெட் படத்தில் சந்தேகம் தட்டினால் மட்டும். முதல் குழுவில் 221 அறுவைகள், இரண்டாவதில் 54. உயிர்பிழைத்தவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமம்.