முங்குற கப்பல்: சப்மரைனுக்குத் தமிழ்ல என்ன?

விசாகப்பட்டினம் பீச்ல நிக்கிற ஐஎன்எஸ் குர்சுராங்குற சப்மரைன பாத்துட்டு வந்து காரைக்குடி வீட்டு முகப்புல உக்காந்து போட்டோ காட்டிட்டு இருந்தேன், எங்க அப்பத்தா கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு "ஏன்டா, கப்பல் முங்குனா துக்கமில்ல, இத முங்கறதுக்குன்னே செஞ்சாகளா?"ன்னு கேட்டாக. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன குடும்பம், அவுக பயம் அவுகளுக்கு.

சப்மரைன் லத்தீன் வழி வந்த சொல்லு. சப்னா கீழ, மாரேன்னா கடல். மொதல்ல 'கடலுக்கடியில உள்ள'ங்குற வெறும் அடைமொழிதான், சப்மரைன் போட்னு சொல்லிச் சொல்லி போட் உதுந்துபோயி அடைமொழியே பேராயிருச்சு. நேவிக்காரங்க இன்னைக்கும் இத போட்னுதான் சொல்றாங்க.

தமிழ்ல நீர்மூழ்கி. மண்ண வெட்டுறது மண்வெட்டி, அதே மாதிரி நீருல மூழ்குறது நீர்மூழ்கி, கப்பல் சேத்து எழுதுனா நீர்மூழ்கிக் கப்பல், அந்த 'க்'க நெறையப் பேரு முழுங்கிடுறாங்க. என்னயக் கேட்டா இங்கிலீஷ விட நம்ம சொல்லுதான் சரி. ஏன்னா குர்சுரா டீசல்-எலெக்ட்ரிக், அடியில ஓடுறது பேட்டரியில, சார்ஜ் எறங்குனா மேல வந்தோ இல்ல ஸ்னார்கல் குழாய மட்டும் வெளிய நீட்டியோ காத்த இழுத்து டீசல் எஞ்சின ஓட்டி திரும்ப ஏத்தணும். ஊருணியில முக்குளிப்பான் பாத்திருப்பீங்களே, முங்கும், ஆளக் காணோம்னு தேடுனா வேற எங்கயோ தலைய நீட்டும், அதே கததான். அடியிலயே குடியிருக்குற சாமான் இல்ல இது.

குர்சுரா 1969 டிசம்பர் 18ல சோவியத் நாட்டு ரீகாவுல நம்ம கடற்படையில சேந்தது, 1971 போர் சமயத்துல அரபிக்கடல்ல ரோந்து, 31 வருஷம், 73,500 கடல் மைல், 2001 பிப்ரவரி 27ல ஓய்வு. 2002 ஆகஸ்டுல மியூசியம். நீளம் 91 மீட்டர், வெளிய இருந்து பாத்தா பெருசுதான், உள்ள போனா வட்ட ஓட்டை ஒவ்வொண்ணுலயும் தலையக் குனிஞ்சு கால ஒண்ணொண்ணா தூக்கிப் போட்டுத்தான் தாண்டணும், தண்ணிக்குள்ள பாயுற டார்பிடோ குண்டுக்குப் பக்கத்துலயே படுக்கை. ஏறக்குறைய 75 பேரு இதுக்குள்ள இருந்திருக்காங்க, எங்க வீட்டுப் பட்டாசாலையில கல்யாணத்துக்கு வந்த சனம் படுக்கவே எடம் பத்தல.

எல்லாம் கேட்டுட்டு அப்பத்தா "அப்ப அந்தக் காலத்து எம்டனும் இதானா?"ன்னாக. நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க. இல்ல, 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில குண்டு போட்ட எம்டன் தண்ணிக்கு மேல ஓடுன சாதா போர்க்கப்பல், முங்கவே தெரியாது அதுக்கு.