இருட்டுவதற்குள் இடம் பிடியுங்கள்: மலைக்காட்டில் டென்ட் போடுபவர்களுக்கு

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஏழரை மணி. டென்வரிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு மண்பாதை முடியும் இடத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் டென்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அவர்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போக வேண்டியவன் நான். இடத்தை அவர்களே பார்த்துப் பிடித்திருந்தார்கள். ஓடைக்கும் டென்டுக்கும் நடுவே பத்தடி கூட இல்லை.

"எப்படி இடம் பாருங்க அண்ணா! தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்" என்றார் அந்தத் தம்பி.

டென்டுக்குப் பின்னால் நின்ற வில்லோ புதரைக் காட்டினேன். கிளைகளில் காய்ந்த புல்லும் சுள்ளியும் ஊசியிலையும் சடைபிடித்ததுபோலச் சிக்கிக் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, என் மார்பு உயரத்தில். "இதையெல்லாம் இங்க யாரு கொண்டுவந்து மாட்டினது தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

கொலராடோவில் மலையேற்ற வழிகாட்டியாகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். காட்டில் வைத்துச் செய்யும் முதலுதவியையும் சொல்லிக்கொடுக்கிறேன். கேம்ப்பிங்கில் நடந்த விபத்துகளைப் பின்னோக்கித் தடம் பிடித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: வெளிச்சம் போன பிறகு இடம் தேடியிருப்பார்கள். களைப்பு, பசி, அழும் குழந்தை. கிடைத்த முதல் சமதளத்தில் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஓர் இரவு கூடத் தங்க முடியாது. அதன் எல்லையைத் தாண்டினால் அரபாஹோ-ரூஸ்வெல்ட் தேசியக் காடு. அங்கே பல பகுதிகளில் முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் டென்ட் போடலாம். இதைத்தான் டிஸ்பர்ஸ்ட் கேம்ப்பிங் என்கிறார்கள். கழிப்பறை இல்லை, குழாய் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, மேசை இல்லை. பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை தங்கலாம். ஆனால் அதே காட்டுக்குள் இருக்கும் இந்தியன் பீக்ஸ் வனப்பகுதியில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். பத்து மைல் நடப்பதற்குள் மூன்று விதமான சட்டம். "போன தடவை அங்க தங்கினோமே" என்பது இந்தத் தடவைக்குச் செல்லாது.

இந்த ஊர் விதியை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம்.

சரி, இடத்தை எப்படித் தேடுவது? வீட்டில் உட்கார்ந்துதான். அமெரிக்க வனத்துறை ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றை இலவசமாகத் தருகிறது. ரேஞ்சர் அலுவலகத்தில் தாளாகக் கிடைக்கும், அவென்சா செயலியில் போனிலும் இறக்கிக்கொள்ளலாம். பார்க்க ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. மலையின் ஏற்ற இறக்கம் கூட அதில் தெரியாது. ஆனால் எந்த மண்பாதையில் வண்டி போகலாம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கும். சில பாதைகளின் ஓரத்தில் சின்னப் புள்ளிகள் வரிசையாகப் போகும். முகாமிடுவதற்காக வண்டியைப் பாதையிலிருந்து இறக்க அனுமதி உள்ள பகுதிகள் அவை. எத்தனை அடி வரை இறக்கலாம் என்பது வரைபடத்தின் ஓரக் குறிப்பில் இருக்கும். அந்தப் பாதையை, உயரக்கோடுகள் உள்ள இன்னொரு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு. விலகி விலகி இருந்தால் டென்ட் போட இடம் இருக்கும். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கினால் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். முன்பு யாரோ தங்கிய இடம். இப்படி மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது. கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலையில் உங்களுடைய முதல் இடத்தில் வேறொருவர் சமைத்துக்கொண்டிருப்பார்.

கொலராடோவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் தங்கமும் வெள்ளியும் தோண்ட வந்தவர்களுக்கு 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பட்டா கொடுத்த நிலங்கள் இன்றும் காட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. நீளம் அதிகபட்சம் 1,500 அடி, அகலம் 600 அடி என்று ஒடுங்கலான பட்டைகள். வேலி இருக்காது, பலகை விழுந்திருக்கும், ஆனால் சொந்தக்காரர் இருப்பார். நில உரிமையைக் காட்டும் ஆன்எக்ஸ், காயா போன்ற செயலிகளை, சிக்னல் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இரண்டே கேள்வி: அந்தப் பாதை திறந்திருக்கிறதா, நெருப்புத் தடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கூட்டம் அதிகமான இடங்களில் விதி மாறிக்கொண்டே வருகிறது. கிரெஸ்டட் பட் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் முன்பு நினைத்த இடத்தில் தங்கலாம். 2021 முதல் எண் போட்ட கம்பம் நட்ட இடங்களில் மட்டும்தான். பழைய வலைப்பதிவை நம்பிப் போனவர்கள் ராத்திரி பத்து மணிக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியை விட்டுவிட்டு டிரெயில் வழியே நடந்துபோய்த் தங்குபவர்களுக்குத் தூரக் கணக்குதான் முக்கியம். டிரெயிலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 200 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பெரியவர்கள் நடையில் சுமார் எழுபது காலடி. கிழக்குப் பக்கம் போனால் எண்கள் மாறும். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில் பாதை, சாலை, தண்ணீர் மூன்றிலிருந்தும் 150 அடி. அதைவிடப் பக்கத்தில் தங்க வேண்டுமென்றால், அனுமதி உண்டு என்று மஞ்சள் வட்டத் தகடு அடித்த இடமாக இருக்க வேண்டும். நியூ ஹாம்ஷயரின் வெள்ளை மலைக் காட்டில், மரங்கள் எட்டடிக்கும் குறைவாகக் குட்டையாகிவிடும் உயரத்தில், கீழே இரண்டடி பனி இருந்தாலொழிய டென்ட் போடக் கூடாது. அந்த உயரத்துச் செடிகள் ஒரு டென்டின் அடியில் ஒரு வாரம் நசுங்கினால், திரும்ப எழுந்திருக்கப் பல வருடங்கள் ஆகும்.

இப்போது இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். இதை நான் பேரம் பேசுவதில்லை. பையை இறக்கியதும் டென்டை எடுக்காதீர்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள்.

கொலராடோ, வயோமிங் பக்கத்துக் காடுகளில் மரப்பட்டைக்குள் துளைக்கும் வண்டுகள் லட்சக்கணக்கான ஏக்கர் பைன், ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொன்றிருக்கின்றன. இலை உதிர்ந்து, பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் நிற்கும் பட்ட மரங்கள். காற்றே இல்லாத இரவிலும் அவை விழும். ஒரு தடவை நாங்கள் டென்ட் போடாமல் விட்ட இடத்தில் காலையில் போய்ப் பார்த்தேன். தொடை பருமனுள்ள, லாட்ஜ்போல் என்ற வகைப் பைன் மரம் ஒன்று, வேர்ப்பக்கம் அழுகி ஒடிந்து, கடைசியில் எங்கள் குழு உட்கார்ந்து டீ குடித்த பாறைமேல் கிடந்தது. எங்களில் யாருக்கும் சத்தமே கேட்கவில்லை. பட்ட மரத்தின் உயரம் எவ்வளவோ, அதைவிட அதிக தூரம் தள்ளித்தான் படுக்க வேண்டும். முறிந்து தொங்கும் கிளைக்கும் இதே கணக்கு.

அடுத்தது தண்ணீர். 1976 ஜூலை 31 அன்று கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை கொட்டியது மேலே, மலையில். கீழே ஆற்றோரம் இருந்த பலருக்கு என்ன வருகிறது என்றே தெரியவில்லை. வெள்ளம் வந்தால் வண்டியை விட்டுவிட்டு மேடேறுங்கள் என்று சொல்லும் பலகைகள் இன்று கொலராடோப் பள்ளத்தாக்குகளில் நிற்கின்றன. ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில் 2010 ஜூன் 11 அதிகாலையில் ஆறு ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் போய்விட்டார்கள். அது முறையாக அமைத்த முகாம். நாமோ யாரும் அமைக்காத இடத்துக்குப் போகிறோம். அங்கே எச்சரிக்கை சொல்ல ஆளில்லை, புதரில் சிக்கிய சருகுதான் சொல்லும். ஓடையைவிட உயரமான திட்டாகப் பாருங்கள். காய்ந்து கிடக்கும் மணல்படுகையும் ஓடைதான்.

உயரமான திட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரைக்கும் கொஞ்சம் மேலே உள்ள திட்டுக்கும் குளிரில் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும். கரையில் படுத்தவரின் டென்ட் காலையில் உள்பக்கம் நனைந்திருக்கும். அதற்காக மலைமுகட்டுக்கும் போகக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி இல்லாத நாள் அபூர்வம். மின்னலுக்கு டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. வண்டி பக்கத்தில் இருந்தால் வண்டிக்குள் போங்கள்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டல்லஸிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திறங்கிய அப்பா அம்மாவை முதல் இரவே 2,750 மீட்டருக்கு மேல் படுக்க வைக்காதீர்கள். டென்வர் உயரத்தில் ஓரிரு நாள் இருக்கட்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கீழே இறங்க வேண்டும்.

இதே தலைவலியும் குமட்டலும் வேறொன்றாலும் வரும். அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். குளிருகிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ டென்டுக்குள் கொண்டுபோகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. உயரத்தால்தான் தலை வலிக்கிறது என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அணைந்துவிட்ட மாதிரி தெரியும் கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். தயவுசெய்து டென்டுக்குள் எதுவும் எரிய வேண்டாம். டென்டின் வாசல் திண்ணையிலும் வேண்டாம். குளிருக்கு இன்னொரு போர்வை கொண்டுவாருங்கள். நல்ல பாயும் கொண்டுவாருங்கள், குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது.

வெளியே மூட்டும் நெருப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 2016 ஜூலையில் கொலராடோவின் நெடர்லாண்ட் ஊருக்குப் பக்கத்தில் முகாமிட்டவர்கள் நெருப்பைச் சரியாக அணைக்காமல் போனதால் எட்டு வீடுகள் எரிந்தன. நீறுபூத்த நெருப்பு என்று நாம் சும்மா சொல்லவில்லை. மண்ணைப் போட்டு மூடினால் கங்கு அடியில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, சூடில்லை என்றால் சாம்பலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லையென்றால் கிளம்பக் கூடாது. நெருப்புத் தடை இரண்டாம் கட்டத்தில் இருந்தால் விறகுத் தீயே கூடாது. திருகினால் அணையும் கேஸ் ஸ்டவ் போதும், ரசமும் சாதமும் அதிலேயே ஆகும்.

சாப்பாட்டை மட்டும் டென்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். புளியோதரை, நெய், பற்பசை, குழந்தையின் பால்பவுடர் எல்லாம் கரடியின் மூக்குக்கு ஒன்றுதான். சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் டென்டிலிருந்து 200 அடி தள்ளி இருக்கட்டும். உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வையுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுவிடுவார்கள்.

கழிப்பறைக்கு, தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி ஒரு சாண் ஆழக் குழி. காகிதத்தைப் புதைக்காமல் ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள். 6,500 அடிக்கு மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை, இரண்டு டென்டையும் மேலே உள்ள திட்டுக்கு மாற்றி முடிக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் பட்ட மரம் எதுவும் இல்லையென்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். அந்தத் தம்பியின் மனைவிக்குக் கோபம், பிள்ளைகள் சாப்பிடாமலே தூங்கிவிட்டார்கள். அன்று இரவு மழை பெய்யவில்லை, ஓடையும் ஏறவில்லை. காலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது அவருடைய ஆறு வயது மகளும் கூடவே வந்தாள். டென்டிலிருந்து எழுபது காலடி இருக்கிறதா என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். கரைக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்து, "நூத்தி இருபத்தி மூணு மாமா" என்றாள். பிறகு அந்த வில்லோ புதரின் கீழே நின்று, சிக்கியிருந்த சருகைத் தொட எம்பிப் பார்த்தாள். எட்டவில்லை.